வசந்தாவின் மூக்கும் இத்தாலிக் கட்டியும்

ஐப்பசி பிறந்த முதல் நாள் காலை. தட்டில் கேழ்வரகுக் களி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு குழி, குழியில் காரக்குழம்பு. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இடது கையில் துருவியும் வலது கையில் சீஸ் துண்டுமாக, களியின் மேல் மெல்லத் துருவிக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பூவைவிட மெல்லிசாக, ஊதினால் பறக்கிற அளவுக்கு விழுந்துகொண்டிருந்தது.

எதிரில் என் மனைவி வசந்தா. ஒரு மாதமாக வெறும் கஞ்சியில் காலத்தை ஓட்டியவள். அவள் வாய்க்கு இந்த ஒன்றுதான் ருசித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி என்று சொல்லி இதையும் விட்டுவிட்டாள். நேற்றோடு புரட்டாசி முடிந்தது. பல் துலக்குவதற்கு முன்பே நான் ஃப்ரிட்ஜைத் திறந்து கட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் என் அவசரம் புரியும்.

"போதுங்க" என்று அவள் சொல்லவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் துருவினேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவன் வீட்டுக் களித்தட்டுக்கு இத்தாலி சீஸ் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கதை விடுகிறான் என்பார்கள். போன வாரம் கிணற்றில் விழுந்த மோட்டாரைப் பற்றி எழுதியதற்கே என் மைத்துனர் போன் போட்டு, "மாமா, கொஞ்சம் ஜாஸ்தியா வுட்டுட்டீங்க" என்றார். இந்த வாரம் ஜாஸ்தி எதுவும் இல்லை.

மோப்பம்

வசந்தா வடக்கனந்தல் பெண். கல்யாணமான புதிதில் என் அம்மா வைத்த ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கும் முன்பே, "அத்தே, பெருங்காயம் போடல" என்று கூடத்திலிருந்து சொன்னாள். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த மூக்குக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை.

செக்கு எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருந்தால் மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவாள். பால் திரியப் போகிறது என்று பாலுக்கே தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரர் அவளைக் கண்டதும் புது மூட்டையைப் பிரிப்பார்.

எனக்கு இதில் இருந்த கஷ்டம் வேறு. என் தொழிலுக்கு ஒரு வாசனை உண்டு. எரிந்துபோன காயில், அதன் மேல் பூசிய வார்னிஷ், இரண்டும் சேர்ந்து சட்டையில் ஏறிவிடும். சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றும்போது வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குப் பெரிய மோட்டாரா?" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. டாக்டர் எனக்கு எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். தியாகதுருகத்தில் மலைக்கோட்டைக்குக் கீழே, பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே போடுகிற மசாலா போண்டாவுக்காகவே நான் தாமிரக் கம்பி வாங்கும் வேலையைத் தியாகதுருகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். தின்று முடித்து வாய் கொப்பளிப்பேன், வெற்றிலை போடுவேன், கையில் எலுமிச்சை இலையைக் கசக்கித் தேய்ப்பேன். வீட்டுப் படி ஏறியதும் கேட்பாள்:

"போண்டா எத்தினி?"

தின்றீர்களா என்று கேட்டதே இல்லை. எத்தனை என்பதுதான் கேள்வி. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது. மனிதனுக்கு ஒரு போண்டா அளவுக்காவது சொந்த வாழ்க்கை வேண்டாமா என்று கத்தியிருக்கிறேன்.

பால் தீய்ந்த காலை

ஊரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு நடந்த அந்தக் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு இருமலோடு போயிற்று. வசந்தாவுக்கும் போயிற்று என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். பால் தீய்கிற நாற்றம் குளியலறைக்குள் வந்து மூக்கை அடைத்தது. ஈரத்துண்டோடு ஓடினேன். பாத்திரம் கரிந்து புகைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே வசந்தா நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பினாள்.

"தீயுதா?" என்று கேட்டாள்.

வேறு யார் கேட்டிருந்தாலும் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வரும் என்றார். எப்போது என்றால், சொல்ல முடியாது என்றார். சிலருக்கு வராமலும் போகலாம் என்பதை மெதுவாகச் சொன்னார். தினம் நாலைந்து பொருளை மோந்து பார்த்துப் பழகச் சொன்னார். லவங்கம், சூடம், எலுமிச்சை, காப்பித்தூள் என்று டப்பாக்களில் போட்டு வைத்தோம். காலையும் மாலையும் நான் ஒவ்வொன்றாக நீட்டுவேன், அவள் மோந்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டுவாள். பிறகு மூடி போட்டு மறுபடி அலமாரியில் வைப்பேன்.

மூக்கு போனால் நாக்கும் பாதி போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் எரிகிறது, ஆனால் ருசி என்று ஒன்று இல்லை.

"சோறு துன்றது தலகாணிப் பஞ்சைத் துன்ற மாதிரி கீதுங்க" என்றாள்.

சமையலை மட்டும் விடவில்லை. இத்தனை வருஷக் கைப்பழக்கத்தில் அளவு பிசகாமல் எனக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, தான் அரை டம்ளர் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மணிக்கட்டில் இருக்க வேண்டிய வளையல் முழங்கைக்கு ஏறியது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. இப்படியே கரைந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, கடையில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் தியாகதுருகம் போனேன். இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று போண்டா வாங்கித் தின்றேன். வெற்றிலை போடவில்லை, எலுமிச்சை இலை தேய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் முன்னால் சட்டையைக் கழற்றினேன். அவள் வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான போண்டாவைத் தின்றதில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

கரியாலூரில் ஒரு மதியம்

கல்வராயன் மலையில் கரியாலூரில் அருவி பார்க்க வருகிறவர்கள் தங்குகிற விடுதி ஒன்று. அங்கே போர் மோட்டார் எரிந்துவிட்டது. கீழே கொண்டுவந்து காயில் கட்டி, மறுபடி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டேன். தண்ணீர் வந்ததும் விடுதிச் சமையல்காரர் முருகேசன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். புதுச்சேரியில் பெரிய ஓட்டல்களில் இருந்துவிட்டு மலைக்கு வந்த மனிதர்.

சாமைச் சோறு வடித்திருந்தார். மேலே சூடான நெய். அப்புறம் ஃப்ரிட்ஜிலிருந்து காகிதத்தில் சுற்றிய, சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை எடுத்தார்.

"இன்னாங்க, சவுக்காரமா?" என்றேன்.

"சீஸுங்க. இத்தாலி. பார்மேசான்னு பேரு."

"சீஸுன்னா மெத்துனு இல்ல இருக்கும்?"

"அது ரொட்டிக்குள்ள வெக்கிறது. இது ரெண்டு வருஷம் பழுத்ததுங்க. தட்டிப் பாருங்க."

விரலை மடக்கித் தட்டினேன். டொக் என்றது. தட்டினால் சத்தம் கொடுக்கிற பொருள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அவர் என் சோற்றின் மேல் துருவினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த வாசனை நல்ல வாசனை இல்லை. கைக்குழந்தை தோளில் பால் கக்கினால் வருமே, அது. ஆனால் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைக்கிற எவனுக்கும் இன்னொரு நாட்டுச் சாப்பாட்டின் வாசனையைப் பற்றிப் பேச உரிமை கிடையாது. வாயில் போட்டேன். முதலில் உப்பு. பின்னாலேயே எலும்பு வேகவைத்த சாறு மாதிரி ஒரு கனம். நடுநடுவே பல்லில் நறுக்கென்று ஏதோ உடைந்தது. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை.

மூக்கு இல்லாதவர்களுக்கு இதில் கெட்டது தெரியாது, நல்லது மட்டும்தானே தெரியும் என்று தோன்றியது. சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, முருகேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டியில் ஒரு மூலையை உடைத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சில்லை உடைத்து வசந்தா கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்ன லவங்கம் மாதிரி இதுவும் ஒன்று என்று வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? நாக்குல ஏதோ ஏறுது."

"நல்லாருக்குதா?"

"தெரியல." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இருக்குது."

எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அவள் சோறு இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.

நாலு வெயில்

எங்கள் மகள் கயல் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன் போட்டேன்.

"கண்ணு, இத்தாலி சீஸு ஒரு கட்டி வேணும். கல்லு மாதிரி இருக்கணும்."

"இன்னாப்பா ஆச்சு உனுக்கு?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மறுநாளே தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

சித்திரை வெயில். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பெட்டியைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக் கொடுத்தார். "அண்ணே, உள்ள இன்னான்னு கேக்க மாட்டேன். சீக்கிரம் எடுத்துகினு போய்டுங்க" என்றார்.

ஐஸ் கரைந்து கட்டி வியர்த்திருந்தது. நான் வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. வசந்தாவைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை கையில் ஈரமாக ஒரு பொருளைக் கொடுத்து, இதை ரொம்ப நாள் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். அங்கே முறத்தில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் இத்தாலிக் கட்டியை உட்கார வைத்து, மேலே என் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு இறங்கினாள்.

சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே எனக்கு வாசம் வந்துவிட்டது. எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதுவும் முறத்தைத் தொடவில்லை, ஆனால் எதற்கும் போக மனம் வரவில்லை. ஓடிப்போய் வேட்டியைத் தூக்கினேன். கட்டியிலிருந்து நெய் இறங்கி மோர்மிளகாய் எல்லாம் பளபளத்தது. கட்டி வெளியே கொம்பு மாதிரி இறுகி, உள்ளே எண்ணெயாகப் பிசுபிசுத்தது.

கயலுக்குப் போன் போட்டோம்.

"அம்மா, அத்த ஃப்ரிட்ஜுல இல்ல வெக்கணும்?"

"ஃப்ரிட்ஜுல வெச்சா ஈரம் எப்பிடிப் போவும்? நாலு வெயில் காட்டினா வருசத்துக்கும் கெடாதுடி."

இரண்டு பேரும் அவரவர் வழியில் சரியாகத்தான் பேசினார்கள். அந்த வருஷம் பொரித்த மோர்மிளகாயைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார்கள். பக்குவம் கேட்டவர்களுக்கு வசந்தா வெயில்தான் காரணம் என்றாள். அது பொய்யும் இல்லை.

அரம் பிடித்த கை

வெயிலில் இறுகிய கட்டியைத் துருவுவது பெரும்பாடாகிவிட்டது. தேங்காய்த் துருவியில் வைத்துத் தேய்த்தேன். அது தேங்காய் மூடியின் உள்குழிவுக்குச் செய்தது. கட்டி வழுக்கி என் விரல் முட்டியில் தோல்தான் துருவப்பட்டது. கேரட் துருவியில் முறுக்கு முறுக்காக வந்து துளையை அடைத்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்பையே ராவுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று கடைக்கு எடுத்துப்போய், இரும்பே படாத புது அரம் ஒன்றை வெந்நீரில் கழுவி ராவினேன். அருமையான பொடி வந்தது. ஆனால் அரத்தின் பல்லெல்லாம் சீஸ். அதைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்வதற்குள் களி ஆறிவிட்டது.

அடுத்த தடவை கயல் வரும்போது நீளமாக, மெல்லிசாக ஒரு துருவி கொண்டுவந்தாள். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. தச்சர்கள் மரம் ராவுகிற அரத்துக்குத் தம்பி மாதிரி இருந்தது. அழுத்தக் கூடாது, இழுக்க வேண்டும். கட்டி ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வர வேண்டும், வெளியே வைத்தால் பிசினாகிவிடும். முன்னாலேயே துருவி டப்பாவில் போடக் கூடாது, தட்டு வந்த பிறகுதான் துருவ வேண்டும். இதெல்லாம் கை தானாகப் பிடித்துக்கொண்டது. வசந்தா துருவினால் கனமாக விழும். அதனால் துருவுகிற வேலை எனக்கே நிரந்தரமாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சமையலறையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்.

கட்டியைத் தேர்ந்தெடுக்கவும் நானே போனேன். கண் டாக்டரைப் பார்க்க சென்னை போன சாக்கில் கயல் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். குளிர்ப்பெட்டிக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடையில் இருந்த பெண் கயலைப் பார்த்தாள். கயல் மேலே ஓடுகிற விசிறியைப் பார்த்தாள்.

அன்று கற்றதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். தோலோடு இருக்கிற துண்டாக வாங்க வேண்டும். அந்தத் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தின எழுத்து தெரிய வேண்டும். நிறம் காய்ந்த வைக்கோலாக இருக்க வேண்டும். உடைந்த பக்கத்தைப் பார்க்க வேண்டும். நல்ல வெல்லத்தை உடைத்தால் பொருக்குப் பொருக்காக விடுமே, அப்படி இருக்க வேண்டும். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடிக்கல் தெரிந்தால் நல்லது, பல்லில் நறுக்கென்பது அதுதான். பொடியாகவே டப்பாவில் விற்பதை வாங்கக் கூடாது. பிறத்தியார் அரைத்த மிளகாய்த்தூளை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அதையும் பார்க்க வேண்டும்.

தீர்ந்துபோன தோலையும் வசந்தா எறியவில்லை. பருப்பு வேகும்போது உள்ளே போட்டுவிடுவாள். வெந்ததும் எடுத்து முருங்கைக்காய் மாதிரி சப்புவாள். களி, சாமைச் சோறு, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு என்று எல்லாவற்றின் மேலும் நான் துருவினேன். வளையல் மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது.

புரட்டாசி

அப்போது பார்த்து புரட்டாசி வந்தது. வசந்தா வீட்டில் பெருமாள் குடும்ப தெய்வம். அந்த மாதம் பிறப்பதற்கு முதல் நாளே பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிடுவாள். கவுச்சி என்ற பேச்சே இருக்காது. தேய்த்துக்கொண்டே, ஸ்பீக்கரில் போட்ட போனில் கயலிடம் கேட்டாள்.

"ஏண்டி, இந்தக் கட்டியில கவுச்சி எதுனா கீதா?"

"பாலுதானே, அதுல இன்னா இருக்கப் போவுது" என்று நான் குறுக்கே விழுந்தேன். ஆனால் என் மகளுக்குப் பொய் வராது. அம்மாவின் வளர்ப்பு.

"பாலை உறைய வெக்கிறதுக்கு கன்னுக்குட்டி வயித்துல இருந்து ஒண்ணு எடுத்துப் போடுவாங்கம்மா" என்றாள்.

தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரம் கீழே இறங்கியது.

"ஏன், அந்த ஊர்ல மோர் இல்லியா?" என்றாள் வசந்தா.

மறுநாள் முடிவைச் சொன்னாள். இதுவரை தின்றது தின்றதுதான், மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். இனியும் மருந்தாகத்தான் தின்பாள். ஆனால் பெருமாளுக்கென்று சொன்ன மாதத்தில் மருந்தும் வேண்டாம்.

மாத்திரைமேல் இருக்கிற கூடு மட்டும் மாட்டு எலும்பில் செய்ததில்லையா என்று வாதாடினேன். "அப்ப அத்தையும் வாணாம்" என்றாள்.

கயல் சைவம் என்று பச்சைப் புள்ளி போட்ட ஒன்றைத் தேடி அனுப்பினாள். நம் நாட்டில் இத்தாலிப் பக்குவத்தில் செய்தது. குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் துருவ வந்தது. ஆனால் பிஞ்சு. வசந்தா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு இருக்குது. அது இல்ல" என்றாள்.

மறுபடி கஞ்சி. மறுபடி வளையல் ஏற ஆரம்பித்தது. எனக்குப் பெருமாள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவர் படம் போட்ட காலண்டருக்கு முன்னால் நின்று, உனக்காகப் பட்டினி கிடக்கிறாள், உனக்குக் கண் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அந்த மாதம் முழுக்க நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிச் சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை போட்டாள். மாவிளக்கு, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை எல்லாம் கைப்பழக்கத்தில் செய்தாள். கோவிந்தா சொல்லிக் கும்பிட்டு, துளசியை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வேண்டுதல் நீளமாக இருக்கிறது என்று நினைத்தேன். எனக்குப் பசி.

மறுபடி தட்டுக்கு

ஆக, ஐப்பசி முதல் நாள். களி. மேலே பனி விழுந்த மாதிரி சீஸ். இரண்டு வருஷம் பழுத்தது, நானே உடைந்த பக்கம் பார்த்து வாங்கியது. குனிந்த வசந்தா அப்படியே நின்றாள்.

மூக்கு சுருங்கியது. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது, இந்த நாத்தம் நாறுது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டியை மூக்கருகே வைத்துப் பார்த்தேன். "ஒண்ணும் கெட்டுப் போவல. நேத்துதான் பிரிச்சேன். இத்தினி பாடுபட்டு வாங்கியாந்து, ஃப்ரிட்ஜுல வெச்சு, இதோட வாசமே இப்பிடித்தான்..." என்று சீஸுக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டே போனேன். பாதியில்தான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. துருவி தட்டில் விழுந்தது.

"இப்ப இன்னா சொன்ன?"

"நாறுதுன்னேன்."

"இன்னொரு தபா சொல்லு."

"நாறுதுங்க. பாலு கக்கின கொழந்த மாதிரி நாறுது. இத்தையா நான் இத்தினி நாளா துன்னுகினு இருந்தேன்?"

நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. அலமாரிக்கு ஓடி டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினேன்.

"லவங்கம்" என்றாள். "சூடம்" என்றாள். "இது காப்பித்தூளு, பழசு, கொட்டிடுங்க."

"எப்பத்துலேர்ந்து?"

"தளிகை அன்னிக்குத் துளசியில லேசா வந்துச்சு. அப்புறம் வர்றதும் போறதுமா இருந்துச்சு. சொன்னா ஓடிப் போயிடுமோன்னு பயந்துகினு சொல்லல."

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஆணியில் முந்தின நாள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். எத்தனை காலமாயிற்று, அந்தச் சட்டையை யாரும் அப்படி வாங்கி.

"வார்னிஷு" என்றாள். "பெரிய மோட்டாரு."

நான் தலையாட்டினேன். அவள் சட்டையைத் திருப்பினாள். கைப்பக்கம் மோந்தாள். பிறகு முகத்திலிருந்து சட்டையை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"தியாகதுருகம் போனீங்களா?"

"கம்பி வாங்க" என்றேன்.

"போண்டா எத்தினி?"

புரட்டாசி முழுக்க அவள் கஞ்சி குடித்ததைப் பார்க்க மாட்டாமல், நேற்று அந்தக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரே ஒரு தடவை அதுதான்.

"மூணு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் திட்டினாள். அத்தனை திட்டையும் நின்று வாங்கிக்கொண்டேன். காலண்டர் பக்கம் திரும்பி ஒரு கும்பிடும் போட்டேன்.

பிறகு தனக்கு வேறு தட்டில் களி போட்டுக்கொண்டாள். சீஸ் போட்ட தட்டை என் கையில் கொடுத்து, "இத்த எடுத்துகினு வெளிய போங்க" என்றாள். வாசலில் நின்று தின்ன ஆரம்பித்தேன். சித்திரையிலிருந்து அவளுக்குத் துருவித் துருவி எனக்கே அது பழகிப்போயிருந்தது.

"இன்னும் வருதுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தெருவில் இறங்கினேன். "இப்ப?"

"வருது."

தட்டும் கையுமாக இன்னும் நாலு வீடு தள்ளிப் போனேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"இப்ப?"

அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். களித்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்றுகொண்டே நின்றாள்.

"வருது" என்றாள்.

அவ்வளவு தூரத்துக்கு அந்த வாசம் போகாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெருமுனை வரைக்கும் போய் நின்று, இன்னும் உரக்கக் கேட்டேன்.